கமிஷன் வாங்கட்டும், கதவைப் பூட்ட வேண்டாம்

விடுதி நடத்துபவர், உணவகம் வைத்திருப்பவர், புடவை விற்பவர் என யாரைக் கேட்டாலும், ஆன்லைன் சந்தை பற்றிய பேச்சு கமிஷனில்தான் தொடங்குகிறது. 2025 ஜூலையில் நாமக்கல் உணவக உரிமையாளர்கள் பெரிய உணவு விநியோகச் செயலிகள் வழியாக விற்பதை நிறுத்தியதற்குக் கமிஷன் சுமைதான் காரணம். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் எட்ஸி தளத்தில் கைவினைப் பொருள் விற்பவர்கள் பலர் ஒரு வாரம் தங்கள் இணையக் கடைகளை மூடிவைத்ததும் அதற்காகத்தான். விற்பனைக் கட்டணத்தை எட்ஸி 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியிருந்தது. சதவீதம் அதிகமா, நியாயமா என்ற கேள்வி முக்கியமானது. ஆனால் அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கமிஷன் கட்டுப்படியாகாதபோது, விற்பவர் தன் வாடிக்கையாளருக்கு வேறு வழியில் விற்க முடிகிறதா? அந்த வழி திறந்திருந்தால், எந்தத் தளமும் ஓர் அளவுக்கு மேல் கட்டணத்தை ஏற்றத் தயங்கும். அது அடைபட்டிருந்தால், அரசு உச்சவரம்பு விதித்தாலும் கட்டணம் வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். சந்தை நடத்துபவருக்குக் கட்டணம் வாங்க முழு உரிமை உண்டு. தன் சந்தைக்கு வெளியே நடக்கும் விற்பனையைத் தடுக்க அவருக்கு உரிமை இல்லை. இந்த இரண்டையும் நம் சட்டம் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கட்டணம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது, விற்பவரின் கணக்கில் பல வரிகளாக விழுகிறது. கணக்குக்காக, 1,500 ரூபாய்க்கு ஒரு கைத்தறிப் புடவையை ஒரு தளத்தில் விற்கும் சிறு வணிகரை எடுத்துக்கொள்வோம். பொருளின் வகைக்கும் தளத்துக்கும் ஏற்ப விகிதங்கள் மாறும்; இங்கே தருவது ஒரு மாதிரி மட்டுமே. கமிஷன் 12 சதவீதம் என்றால் 180 ரூபாய். ஒவ்வொரு ஆர்டருக்குமான நிலையான கட்டணம் 40 ரூபாய், எடையைப் பொறுத்த அனுப்புக் கட்டணம் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 300 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54 ரூபாய். தேடலில் புடவை முன்வரிசையில் தெரிய வேண்டுமானால் விளம்பரத்துக்கும் செலவிட வேண்டும். அது விலையில் 5 சதவீதம் என்றால், வரியோடு சேர்த்து ஏறத்தாழ 88 ரூபாய். ஆக 1,500 ரூபாயில் 440 ரூபாய்க்கு மேல் போய், கைக்கு வருவது 1,058 ரூபாய் அளவில் நிற்கிறது. கட்டணத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியைப் பதிவு பெற்ற வணிகர் பிறகு வரவு எடுத்துக்கொள்ளலாம். தளம் பிடித்தம் செய்யும் அரை சதவீத டிசிஎஸ், 0.1 சதவீத டிடிஎஸ் ஆகியவையும் பின்னர் கணக்கில் சேரும். ஆனாலும் அந்தப் பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். திரும்பி வரும் புடவைகளால் ஏற்படும் நட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. இனி, அதே வாடிக்கையாளர் அடுத்த தீபாவளிக்கு அதே வணிகரிடம் நேரடியாக வாங்குகிறார் என்று கொள்வோம். வணிகர் 1,300 ரூபாய்க்கே கொடுத்து, கூரியருக்கு 80 ரூபாய் செலவிட்டாலும் கையில் 1,220 ரூபாய் நிற்கும். வாங்குபவருக்கு 200 ரூபாய் மிச்சம், விற்பவருக்கு 160 ரூபாய்க்கு மேல் லாபம். இருவருக்கும் நன்மை தரும் இந்த இரண்டாவது விற்பனை நடக்காமல் தடுப்பதற்குத்தான் தளங்கள் இவ்வளவு பாடுபடுகின்றன.

தடுக்கும் வழிகள் பல. முதலாவது, வாடிக்கையாளர் யார் என்பதையே விற்பவரிடமிருந்து மறைப்பது. தொலைபேசி எண் மறைக்கப்படுகிறது. தளத்தின் செய்திப் பெட்டியில் எண்ணையோ மின்னஞ்சலையோ எழுதினால் தானியங்கி முறை அதைத் தடுக்கிறது. சாப்பிட்டவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார், எத்தனை முறை வாங்கியிருக்கிறார் என்று சமைத்தவருக்குத் தெரிவதில்லை என்பது இந்திய உணவகங்களின் நெடுநாள் குறை. இரண்டாவது, விதி போட்டுத் தண்டிப்பது. ஈபே தளம், அங்கே தொடர்பு ஏற்பட்டவர்களிடம் வெளியே வாங்கவோ விற்கவோ முன்வருவதையே விதிமீறலாக வைத்திருக்கிறது; மீறினால் கணக்குக்குக் கட்டுப்பாடு வரும், கணக்கு முடக்கப்படவும் கூடும். அமேசானும், தன் வாடிக்கையாளரை வேறு இணையதளத்துக்குத் திருப்பும் முயற்சிகளைத் தடைசெய்கிறது. பொட்டலத்துக்குள் வைக்கும் ஒரு சிறு விளம்பர அட்டைகூட அதில் சேரும். மூன்றாவது வழி வெளியே தெரிவதில்லை, ஆனால் பாதிப்பு அதில்தான் அதிகம். வேறு எங்கும் இதைவிடக் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்ற விலைச் சமன் நிபந்தனை அது. வெளியே விற்கலாம், ஆனால் மலிவாக விற்கக் கூடாது என்றால், வாடிக்கையாளர் ஏன் வெளியே வரப் போகிறார்? தளத்துக்குக் கட்டும் கமிஷனையும் சேர்த்து வைத்த விலையே எல்லா இடத்துக்கும் விலையாகிவிடுகிறது. தளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் கடைக்கு நேரே வந்து வாங்குபவரும் அந்தக் கமிஷனைச் சுமக்கிறார்.

இது கற்பனையான அச்சம் இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஆவணம் இருக்கிறது. விடுதி, உணவக உரிமையாளர்கள் கூட்டமைப்பு அளித்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. விடுதிகள் மற்ற தளங்களில் குறைந்த விலைக்கு அறை தரக் கூடாது, இங்கே இல்லாத அறையை அங்கே காட்டக் கூடாது என்று மேக்மைட்ரிப் போட்டிருந்த நிபந்தனைகளை நீக்கச் சொன்னது. இந்த நிபந்தனை எங்கே வலிக்கிறது என்பது ஒரு சிறு விடுதியின் முகப்பு மேசையில் தெரியும். கமிஷன் குறைவான புதிய தளம் ஒன்று வந்து, எங்களிடம் பட்டியலிடுங்கள், மிச்சமாகும் தொகையை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள் என்கிறது. விடுதிக்காரரால் முடியாது. புதிய தளம் எவ்வளவு குறைவாகக் கமிஷன் வாங்கினாலும் அறை விலை குறையப் போவதில்லை என்றால், அந்தத் தளத்தைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஆகவே இந்த நிபந்தனை விற்பவரை மட்டும் கட்டிப்போடவில்லை. குறைந்த கமிஷனோடு போட்டிக்கு வரக்கூடியவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கமிஷன் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

எழுத்தில் உள்ள நிபந்தனையை நீக்கினால் மட்டும் போதாது என்பதை அமேசான் வரலாறு காட்டுகிறது. ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளின் போட்டிக் கண்காணிப்பு அமைப்புகள் விசாரித்ததால், 2013-இல் ஐரோப்பாவில் விலைச் சமன் நிபந்தனையை அமேசான் கைவிட்டது. 2019-இல் அமெரிக்காவிலும் விட்டது. ஆனால் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு, அதே கட்டுப்பாடு வேறு வடிவில் தொடர்கிறது என்பதுதான். வேறு தளத்தில் மலிவாக விற்பவரை அமேசான் கண்டுபிடித்து, தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளுகிறது, வாங்கும் பொத்தான் இருக்கும் முக்கியமான இடத்தைப் பறிக்கிறது என்கிறது ஆணையம். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்தால், விற்பவர் ஈட்டும் ஒவ்வொரு டாலரிலும் ஏறத்தாழ பாதி அமேசானுக்குப் போகிறது என்றும் அது சொல்கிறது. அமேசான் இவற்றை மறுக்கிறது. வழக்கு இன்னும் தீர்ப்புக்கு வரவில்லை. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படுகிறதா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு இதில் கிடைக்கும் பாடத்துக்குத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத தடையைக் கணினி நிரல் நடத்திவைக்க முடியும். ஆகவே சட்டம் ஒப்பந்த வாசகத்தை மட்டும் பார்க்காமல் விளைவையும் பார்க்க வேண்டும்.

செல்பேசிச் செயலிகளின் சந்தையில் இதே போராட்டம் வெளிப்படையாகவே நடந்தது. அதன் ஒரு முனை சென்னையில் இருக்கிறது. செயலிகள் தங்கள் பயனாளர்களிடம் வேறு வழியில் பணம் கட்டலாம் என்று சொல்வதைக் கூகுள் தடுக்கக் கூடாது என 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் உத்தரவிட்டு, 936.44 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் முடிவை ஓரளவு உறுதிசெய்து, அபராதத்தை ஏறத்தாழ 216 கோடியாகக் குறைத்தது. இடைப்பட்ட காலத்தில் கூகுள் மாற்றுக் கட்டண வசதியைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் போனாலும் 11 அல்லது 26 சதவீதம் கட்ட வேண்டும் என்றது. வழக்கமான 15, 30 சதவீதத்திலிருந்து குறைந்தது வெறும் 4. பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் நிறுவனத்துக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதால், அந்த மாற்று வழியால் மிச்சம் எதுவும் பெரிதாக இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. இடைக்கால நிவாரணம் கிடைக்காத நிலையில், 2024 மார்ச் 1 அன்று பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகே அவை திரும்பின. மாற்று வழிக்கும் கட்டணம் கேட்பதை அமெரிக்காவில் ஆப்பிளும் செய்தது. வெளியே பணம் கட்டும் இணைப்புகளை அனுமதிக்க நீதிமன்றம் கட்டளையிட்டதும், அந்த இணைப்பு வழியாக நடக்கும் விற்பனைக்கு 27 சதவீதம் கேட்டது. 2025 ஏப்ரலில் நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் அதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்தார். எவ்வளவு கட்டணம் நியாயம் என்ற வழக்கு அதன் பிறகும் தொடர்ந்தது. கதவைத் திறந்துவிட்டு, வெளியேறுபவரிடமும் உள்ளே இருப்பவரிடம் வாங்கும் தொகையை ஏறத்தாழ அப்படியே கேட்பது, கதவைத் திறக்காததற்குச் சமம்.

இதற்கு எதிராகத் தளங்கள் சொல்லும் முதல் வாதம் வலுவானது, ஒதுக்கித் தள்ளக் கூடாதது. வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதற்குக் கோடிகளில் செலவிடுகிறோம். எங்கள் தளத்தில் பொருளைப் பார்த்துவிட்டு, மதிப்புரைகளைப் படித்துவிட்டு, வெளியே போய் வாங்கினால் எங்கள் உழைப்பை இலவசமாகச் சுரண்டுவது ஆகாதா என்று கேட்கிறார்கள். தளத்தில் தொடங்கிய ஒரு விற்பனையைப் பாதி வழியில் வெளியே இழுத்துக் கமிஷனை ஏய்ப்பது தவறுதான். செயலியில் அழைத்த வாடகை வண்டியின் ஓட்டுநர், ஏறும் முன் பயணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கைக்காசு கேட்பதை நாம் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட விற்பனைக்குக் கட்டணம் கேட்கவும் விதியை அமல்படுத்தவும் தளத்துக்கு உரிமை இருக்கட்டும். ஆனால் அந்த உரிமை அந்த ஒரு விற்பனைக்கு உரியது. அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் வாங்கப் போகும் பொருள்களுக்கெல்லாம் உரியது ஆகாது. அறிமுகத்துக்கான கூலிக்கு ஓர் அளவும் காலமும் இருக்க வேண்டும். தனித்தொழில் செய்பவர்களையும் நிறுவனங்களையும் இணைக்கும் அப்வொர்க் தளம், வெளியே ஒப்பந்தம் செய்யக் கூடாது என்ற தடையை இரண்டு ஆண்டுக்கு மட்டும் வைத்திருக்கிறது. முன்கூட்டியே விலக விரும்புபவர் ஒரு தொகையைக் கட்டிவிட்டு விலகலாம். இரண்டு ஆண்டு அதிகம் என்பது என் கருத்து. ஆனாலும் எல்லை ஒன்று வைத்துக்கொண்டே ஒரு தளம் தொழில் நடத்த முடியும் என்பதற்கு அது சான்று.

இலவசச் சுரண்டல் பற்றிய அச்சம் எவ்வளவு உண்மை என்பதை ஜெர்மனி சோதித்தே பார்த்துவிட்டது. விடுதிகள் தங்கள் சொந்த இணையதளத்தில் குறைந்த விலை காட்டக் கூடாது என்று புக்கிங் டாட் காம் வைத்திருந்த நிபந்தனையை, அந்நாட்டுப் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு 2015 டிசம்பரில் தடை செய்தது. வழக்கு மேலே மேலே சென்று 2021 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, தடை சரி என்றே தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டிய ஓர் உண்மை நமக்கு முக்கியம். நிபந்தனை இல்லாத ஆண்டுகளில் புக்கிங் நிறுவனம் ஜெர்மனியில் நலியவில்லை. அதன் வருவாய், சந்தைப் பங்கு, முன்பதிவு எண்ணிக்கை, இணைந்த விடுதிகள் எல்லாமே கூடின. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2024 செப்டம்பரில், இத்தகைய நிபந்தனை இல்லாவிட்டால் தளம் நடத்தவே முடியாது என்ற வாதத்தை ஏற்கவில்லை. வாடிக்கையாளர் ஒரு தளத்தை நாடுவது, ஒரே இடத்தில் நூறு விடுதிகளை ஒப்பிடலாம், பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு, சுலபமாக ரத்து செய்யலாம் என்பதற்காக. அந்தச் சேவை நன்றாக இருக்கும்வரை, பத்து ரூபாய் கூடக் கொடுத்தும் அங்கேயே வாங்குவார்கள். சேவையை நம்பி நிற்கும் தளத்துக்குப் பூட்டு தேவைப்படாது.

நமக்கு இதைவிடப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தை, தரகு இல்லாமல் விவசாயி நேரே விற்க ஓர் இடம் கொடுத்தது. அதனால் கமிஷன் மண்டிகள் மூடப்படவில்லை. மொத்தமாகச் சரக்கை இறக்குபவருக்கும் வெளியூருக்கு அனுப்புபவருக்கும் மண்டி இன்றும் தேவைப்படுகிறது. தரகர் தன் வேலைக்குக் கூலி வாங்குகிறார். ஆனால் மண்டியில் தக்காளி இறக்கிய விவசாயி, மறுநாள் உழவர் சந்தையில் அதைவிட மலிவாக விற்கக் கூடாது என்று எந்தத் தரகரும் சொன்னதில்லை. சொன்னால் ஊர் ஒப்புக்கொண்டிருக்காது. இணையச் சந்தையில் அதே வார்த்தையைச் சொன்னால், ஒப்பந்தத்தின் பல பக்கங்களுக்குள் அது புதைந்துகிடப்பதால் நாம் கவனிப்பதில்லை. மண்டிக்கு நாம் பொருத்திய நியாயத்தைச் செயலிக்கும் பொருத்தச் சொல்வதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது எதிர்வாதம் பாதுகாப்பு. தளத்துக்கு வெளியே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ஏராளம். பழைய பொருளை விற்க விளம்பரம் போட்டவரிடம், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று சொல்லி அவர் கணக்கிலிருந்தே பணத்தை எடுக்கும் மோசடி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு வரும் புகார்களில் புதியதில்லை. ஆகவே வெளியே பணம் கட்டினால் எங்கள் பொறுப்பு கிடையாது என்று தளம் எச்சரிப்பது சரி. முன்பின் தெரியாதவரோடு நடக்கும் முதல் பேரத்தில் பணத்தைத் தன் கையில் நிறுத்திவைத்து, பொருள் வந்த பிறகு விடுவிப்பதும் நல்ல சேவை. ஆனால் மோசடியைக் காரணம் காட்டி, ஜிஎஸ்டி பதிவும் முகவரியும் உள்ள வணிகரையும் போலிப் பெயரில் வருபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரின் நிறுவனப் பெயரையும் முகவரியையும் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் தளம் காட்ட வேண்டும் என்கின்றன. அதாவது, விற்பவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரிவது பாதுகாப்பு என்றே நம் சட்டம் கருதுகிறது. எதிர்த் திசையில், வாங்குபவரின் விவரம் அவருடைய சொத்து. அவர் சம்மதம் இல்லாமல் விற்பவருக்குப் போகக் கூடாது. அதற்கும் வழி சுலபம். ஆர்டர் கொடுக்கும் இடத்தில், இந்தக் கடை என்னைத் தொடர்புகொள்ளலாம் என்று ஒரு கட்டம் இருக்கட்டும்; விரும்புபவர் அதில் குறியிடட்டும். வாடிக்கையாளரின் தனியுரிமையைப் பற்றி அக்கறை உள்ள தளம், முடிவை அவரிடமே விட வேண்டும்; அவர் பெயரால் தானே முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாவதாக, போட்டியே இதைச் சரிசெய்துகொண்டிருக்கிறதே என்பார்கள். 2021-இல் மீஷோ கமிஷன் இல்லை என்று அறிவித்தது. 300 ரூபாய்க்குக் குறைவான பொருள்களுக்கு அமேசான் இந்தியா 2025 ஏப்ரலில் கமிஷனை நீக்கியது. 1,000 ரூபாய்க்குக் குறைவான பொருள்களுக்கு ஃபிளிப்கார்ட் அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. சிறு விற்பனையாளருக்கு இவை உண்மையான நிவாரணம், வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் கமிஷன் என்ற ஒரு வரி பூஜ்ஜியம் ஆனதாலேயே மொத்தச் செலவு பூஜ்ஜியம் ஆகிவிடுவதில்லை. விளம்பரம், அனுப்புக் கட்டணம், திரும்பும் சரக்கின் செலவு ஆகியவை வழியாகத் தளம் பணம் ஈட்டலாம். வாங்குபவரிடமே தனியாகக் கேட்கவும் செய்யலாம். நம் உணவுச் செயலிகள் 2023-இல் ஓர் ஆர்டருக்கு 2 ரூபாயில் தொடங்கிய தளக் கட்டணம் இரண்டே ஆண்டில் 10 ரூபாயைத் தாண்டியதை எல்லோரும் பில்லில் பார்த்தோம். கொடுத்த சலுகையைத் தளம் நினைத்த நேரத்தில் திரும்பப் பெறவும் முடியும். அமெரிக்காவில் மெர்காரி தளம் 2024 மார்ச்சில் விற்பனைக் கட்டணத்தை முற்றாக நீக்கி, சுமையை வாங்குபவர் பக்கம் மாற்றியது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 2025 ஜனவரியில் 10 சதவீதக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அரசு கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தால் போதும் என்போருக்கும் இதே பதில்தான். ஒரு வரியில் அழுத்தினால் இன்னொரு வரியில் எழும். வெளியே போகும் சுதந்திரம் ஒன்றுதான் எல்லா வரிகளையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். ஏனெனில் விற்பவர் வெளியேறும்போது கணக்கிடுவது தனித்தனிக் கட்டணங்களை இல்லை, கைக்கு வரும் மொத்தத்தை.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: ஒப்பந்தத்தைப் படித்து, சம்மதித்துத்தானே சேர்ந்தீர்கள்? பேரம் பேசும் வலிமை இரு பக்கமும் ஓரளவாவது சமமாக இருக்கும்போது இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. வாடிக்கையாளர்கள் அனைவரும் இரண்டு மூன்று செயலிகளுக்குள் இருக்கும்போது, சேர்வது சிறு வணிகரின் விருப்பம் என்று சொல்வது கடினம். நிபந்தனையை மாற்றிக் கேட்க அவருக்கு எதிரே மேசையும் இல்லை, ஆளும் இல்லை. ஏற்கிறேன் என்ற பொத்தான் மட்டும் இருக்கிறது. நம் அரசு இந்தக் கொள்கையை ஒரு முறை ஏற்றும் இருக்கிறது. அந்நிய முதலீடு உள்ள சந்தைத் தளங்கள், எங்களிடம் மட்டுமே விற்க வேண்டும் என்று எந்த விற்பனையாளரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என 2018 டிசம்பரில் வெளியான விதி சொல்கிறது. இங்கே மட்டும் விற்க வேண்டும் என்று சொல்வது தவறு என்றால், வேறெங்கும் மலிவாக விற்கக் கூடாது, வேறெங்கு விற்கிறாய் என்று சொல்லவும் கூடாது என்பவை எப்படிச் சரியாகும்? விளைவு ஒன்றே. தடையை நீக்கினால் தளங்கள் வேறு கட்டணங்களை ஏற்றிச் சிறு விற்பனையாளரையே வதைக்கும் என்ற அச்சமும் பொருளற்றது. அப்படி ஏற்றும் தளத்தைவிட்டு நகர அப்போது வழி இருக்கும். இப்போது இல்லாதது அந்த வழிதான்.

செய்ய வேண்டியது என்ன என்பதற்கு மேசையில் ஒரு வரைவு ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசு அமைத்த குழு 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவை வெளியிட்டது. இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் வருவாய் போன்ற பொருளாதார அளவுகோலையும், ஒரு கோடிப் பயனாளர்கள் அல்லது 10,000 வணிகப் பயனாளர்கள் என்ற அளவுகோலையும் எட்டும் பெரிய தளங்களுக்கு அது பொருந்தும். தொடங்கும் நிலையில் உள்ள சிறு தளங்களைத் தொடாது. வணிகர்கள் தங்கள் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்வதையும், வெளியே உள்ள சலுகையைச் சொல்வதையும், வேறு சேவைக்குத் திருப்புவதையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவு அதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய விதி நடைமுறைக்கே வந்துவிட்டது. அதை மீறியதற்காக 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விழுந்தது. நம் வரைவு இன்னும் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. வரும்போது அதில் மூன்று திருத்தங்கள் வேண்டும். சேவைக்கு இன்றியமையாதது என்றால் தடுக்கலாம் என்று வரைவு தரும் விலக்கை, தளத்தில் தொடங்கிய அந்த ஒரு விற்பனைக்கும் ஒரு குறுகிய காலத்துக்கும் மட்டும் சுருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாத் தடையையும் இன்றியமையாதது என்று சொல்லிவிடுவார்கள். விலைச் சமன் நிபந்தனையை, அது ஒப்பந்தத்தில் இருந்தாலும் தேடல் வரிசையில் ஒளிந்திருந்தாலும், பெயர் சொல்லித் தடைசெய்ய வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தளத்துக்கு மொத்தமாகப் போன தொகை எவ்வளவு என்பதை விற்பவருக்கு ஒரே எண்ணில் காட்டச் சொல்ல வேண்டும். போவதா இருப்பதா என்று முடிவெடுக்க அந்த எண் தேவை. போட்டி ஆணையத்தின் வழக்குகள் முடிய ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒரு சிறு வணிகரால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியாது. தவறு நடந்த பிறகு அபராதம் போடுவதைவிட, செய்யக் கூடாததை முன்பே எழுதிவைப்பது தளங்களுக்கும் தெளிவு தரும். வணிகர் சங்கங்களும் கமிஷன் சதவீதத்துக்காக மட்டும் கோரிக்கை வைப்பதை விட்டு, இந்த மூன்றையும் முதல் கோரிக்கையாக வைத்துத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். வெளியே விற்கும் உரிமை உறுதியானால், சதவீதத்தைப் பற்றிப் பேசும் வலிமை அவர்களுக்குத் தானே வந்து சேரும்.